முழுச் சாவி

பர் துபாயில் கிராமபோன் பெட்டிக்கு உயிர் கொடுக்க என்னை விட்டால் ஆள் கிடையாது. இதை நானே சொல்லக் கூடாதுதான். வேறு யாரும் சொல்லாததால் சொல்ல வேண்டியிருக்கிறது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டு, வாட்சுக்கு பேட்டரி மாற்றும் வேலைக்கு இந்த ஊருக்கு வந்தவன் நான். இன்று அதே சந்தில் என் பெயரில் போர்டு தொங்குகிறது.

ராஸ் அல் கைமாவில் ஓர் அரபி வீட்டில் டிரைவராக இருக்கும் ராமநாதபுரத்துத் தம்பி ஒருவன், சூட்கேஸ் மாதிரி மூடி வைத்த கிராமபோனை ஒருநாள் தூக்கிக்கொண்டு வந்தான். அந்த வீட்டுப் பெரியவரை எல்லோரும் பாபா என்றுதான் கூப்பிடுவார்களாம். பார்வை போனதிலிருந்து மனிதர் யாரோடும் பேசுவதில்லை. அவர் கேட்பது ஒன்றே ஒன்று. பாய்மரக் கப்பல் ஓட்டிய அவர் அப்பா பம்பாயிலிருந்து கொண்டுவந்த இந்தப் பெட்டியில், சின்ன வயதில் கேட்ட அந்த ஒரு பாட்டு. மகன் அதே பாட்டைப் போனில் போட்டுக் காட்டியிருக்கிறார். இது அது இல்லை என்று பாபா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாராம்.

போனில் போட்டால் எப்படி அதுவாகும்? பெட்டியை விட்டுவிட்டுப் போ, உங்கள் பாபாவைப் பேச வைப்பது என் பொறுப்பு என்று சொல்லி அனுப்பினேன்.

திறந்து பார்த்தால் உள்ளே உள்ளது எல்லாம் தேய்மானம். தட்டு ஓடும் வேகத்தைப் பிடித்து வைக்க மூன்று சின்னக் குண்டுகள் உண்டு. அவற்றைத் தாங்கும் தகடுகளில் ஒன்று முறிந்து, யாரோ நூலால் கட்டியிருந்தார்கள். அலாரக் கடிகார ஸ்பிரிங்கை வெட்டி மூன்றையும் புதிதாகச் செய்தேன். ஊசியின் அதிர்வை வாங்கும் அபிரகத் தகட்டைச் சுற்றியிருந்த ரப்பர் கல்லாகியிருந்தது. அந்த இடத்தில் சைக்கிள் வால்வ் டியூப். லீவில் போகிறவர்களிடம் சொல்லி ஊரிலிருந்து வரவழைப்பேன், இங்கே அந்தச் சரக்கு மாஃபி. பெரிய ஸ்பிரிங்கையும் மாற்றினேன். தட்டு இம்மி பிசகாமல் ஓடியது. என் வேலையை நானே கொஞ்ச நேரம் ரசித்தேன்.

பெட்டியோடு நானே ராஸ் அல் கைமா போனேன். பாபா கட்டிலில் தலையணையில் சாய்ந்திருந்தார். மகன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பெட்டியோடு வந்த அந்தப் பாட்டின் இசைத்தட்டைப் போட்டு, முழுச் சாவி கொடுத்து ஊசியை வைத்தேன். முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை பாட்டு ஒரே சீராக ஓடி முடிந்தது. பாபா ஏதோ முனகினார்.

"அண்ணாச்சி, இந்தச் சின்னப் பையன் யாருன்னு கேக்குறாரு" என்றான் தம்பி.

அறையில் பையன் யாரும் இல்லையே என்று சுற்றிப் பார்த்தேன்.

"பாடுறவனைச் சொல்றாரு. அவரு சின்ன வயசுல கேட்ட ஆளு கடைசியில கடலுக்குள்ள இறங்குற மாதிரி பாடுவாராம். இவன் கரையிலயே நிக்கிறானாம்."

தட்டு இந்த வேகத்தில்தான் சுற்ற வேண்டும், கம்பெனிக்காரன் விதித்தது, அதைச் சொல் என்றேன். சொன்னான். பாபா நீளமாகப் பதில் சொன்னார். என்னவென்று கேட்டதற்கு, "வேணாம் அண்ணாச்சி" என்றான்.

வேகத்தைக் குறைக்கும் திருகைத் திருப்பி மறுபடி போட்டேன்.

"இப்ப பாடுறவருக்குக் காய்ச்சலாம்."

திருகைப் பழையபடி வைத்தேன். மகன் கலாஸ், போதும் என்று மெல்லச் சொன்னார். பாபா சுவர்ப் பக்கம் திரும்பப் போனவர், திடீரென்று கையை நீட்டினார். சாவிக் கைப்பிடியைக் கேட்கிறாராம். பெட்டியைக் கட்டிலுக்கு அருகில் நகர்த்திக் கொடுத்தேன். தடவிப் பார்த்துச் சுற்றினார். பாதிச் சாவிகூட ஏறவில்லை, நிறுத்திவிட்டார். பாட்டு முடியும் முன்பே ஸ்பிரிங் தளரும் என்று எனக்குத் தெரியும். கைப்பிடியை வாங்கப் போனேன். அவர் விடவில்லை. அப்படியே ஊசியை வைத்தேன்.

கடைசி அடிகளில் தட்டு தயங்கியது. குரல் கனத்து, தாழ்ந்து, இழுபட்டு அடியில் போய் அடங்கியது. என் தொழிலில் இதைவிடக் கேவலம் வேறு இல்லை. நான் தரையைப் பார்த்தேன்.

பாபா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மகன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பேச ஆரம்பித்தார். நிறுத்தவே இல்லை. மகன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டார்.

ஸ்பிரிங் அறுந்தால் பார்க்க அந்தக் காலத்தில் இங்கே ஆள் ஏது? அதற்குப் பயந்து அவர் அப்பா ஒருநாளும் முழுச் சாவி கொடுத்ததில்லையாம். நான் பிறப்பதற்கு முந்திய சங்கதி, அதனால் என்மேல் குற்றமில்லை.

"ரிப்பேர் தெரிஞ்சா போதாது, சாவி குடுக்கத் தெரியணும்ங்கிறாரு. இங்க வந்து கத்துக்கணுமாம்."

கட்டிலருகே போனேன். என் கைமேல் கையை வைத்துச் சுற்ற வைத்தார், பாதிக்கு முன்னாலேயே தட்டி நிறுத்தினார். நான் போட்ட ஸ்பிரிங் இதைப் போல் இரண்டு மடங்கு தாங்கும் என்று அவரிடம் சொல்லச் சொன்னேன். அந்த அளவுக்குத் தனக்கு அரபி வராது என்று சொல்லிவிட்டான் தம்பி.