கேமராவை நெட்டுக்குத்தாகத் திருப்பியபோது

போன வருடம் ஆவணி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. மலாக்காவில் ஜாசின் பக்கம் உள்ள ஒரு கோயில் மண்டபத்தில் கல்யாணம். ஒன்பதரைக்கு முகூர்த்தம். நான்தான் போட்டோகிராபர்.

வார நாட்களில் ஆயர் குரோவில் ஒரு தொழிற்சாலை ஆபீசில் வேலை பார்க்கிறேன். சனி, ஞாயிறு ஆனால் கேமராவைத் தூக்கிக்கொண்டு கல்யாணம், நலங்கு, காதுகுத்து என்று கிளம்பிவிடுவேன். இந்தத் தொழிலில் பெண்கள் குறைவு. அதனாலேயே எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். வாயும் நீளம் என்பார். இரண்டும் உண்மைதான், இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

அந்தக் கல்யாணத்துப் பெண் என்னிடம் பேச வந்த அன்றே ஒரு விஷயம் சொன்னாள். அவளுக்கு ஆறு வயதில் அப்பா தவறிவிட்டார். அம்மா தொழிற்சாலை கேண்டீனில் சமைத்து அவளை வளர்த்தவர். சொந்தக்காரர் வீட்டு விசேஷம் எதிலும் அந்த அம்மா மேடை ஏறியதில்லை. ஏற்றவும் மாட்டார்கள். பின்னால் பந்தியைப் பார்த்துக்கொண்டு நிற்பார். தன் கல்யாணத்தில் அம்மாதான் தன் கையைப் பிடித்துக் கொடுக்க வேண்டும் என்று இந்தப் பெண் ஒற்றைக் காலில் நின்று, மாமன்மார்களோடு மல்லுக்கட்டி, கடைசியில் சாதித்துவிட்டாள்.

"அக்கா, வேற எந்தப் படம் போனாலும் பரவால்ல. அம்மா என் கையப் புடிச்சுக் குடுக்குற படம் ஒண்ணு மட்டும் வேணும்" என்றாள்.

அதோடு விடவில்லை. அம்மா வீட்டுக் கூடத்தில், வாசலுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் ஒடுக்கமான சுவர். அதற்கு அளவாக உயரமான பிரேம் ஒன்றை வாங்கி, படம் எடுப்பதற்கு முன்பே ஆணி அடித்து மாட்டியிருந்தாள். வெறும் பிரேம். அதை போனில் படம் பிடித்து எனக்கு அனுப்பியும் வைத்தாள். ஆக, படம் நெட்டுக்குத்தாகத்தான் வர வேண்டும்.

இங்கே என் தோள்பட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த ஆண்டு முழுக்க எனக்கு வலது தோளில் வலி. கையை ஓர் அளவுக்கு மேல் தூக்கினால் உயிர் போய்விடும். கேமராவை நெட்டுக்குத்தாகத் திருப்பினால் வலது முழங்கையைத் தலைக்கு மேலே தூக்க வேண்டியிருக்கும். அதற்காகவே ஒரு பேட்டரி கிரிப் வாங்கினேன். கேமராவின் அடியில் மாட்டுகிற கனமான பிடி அது. உள்ளே கூடுதல் பேட்டரி இருக்கும். கேமராவைத் திருப்பினால் கை இயல்பாக வந்து உட்காருகிற இடத்தில் படம் எடுக்க ஒரு பட்டன், ஃபோகஸ் செய்ய ஒரு பட்டன், இரண்டும் அதிலேயே இருக்கும். முழங்கையைத் தூக்க வேண்டாம்.

சாதாரணமாக, படம் எடுக்கிற பட்டனைப் பாதி அழுத்தினாலே கேமரா ஃபோகஸ் செய்துவிடும். என்னைப் போலக் கல்யாணம் எடுக்கிறவர்கள் பலர் அப்படி வைத்துக்கொள்வதில்லை. கூட்டத்தில் யாராவது சித்தப்பா குறுக்கே தலையை நீட்டுவார், ஃபோகஸ் அவருடைய வழுக்கைக்குப் போய்விடும். அதனால் இரண்டு வேலையையும் பிரித்துவிடுவோம். பின்பக்கம் உள்ள பட்டனைக் கட்டைவிரலால் அழுத்தினால் மட்டும் ஃபோகஸ் ஆகும். ஆள்காட்டி விரல் படத்தை எடுப்பதோடு சரி. எனக்கு இது பத்து வருடப் பழக்கம்.

கிரிப் வந்து சேர்ந்தது கல்யாணத்துக்கு முந்தின நாள். சோதித்துப் பார்த்தேன் என்றுதான் நினைத்தேன். சுவரில் மாட்டியிருந்த கோயில் காலண்டரைப் படுக்கை வாக்கில் ஃபோகஸ் செய்து ஒரு படம். நின்ற இடத்திலேயே கேமராவைத் திருப்பி, கிரிப் பட்டன்களை அழுத்தி இன்னொரு படம். இரண்டும் கண்ணாடி மாதிரி இருந்தன. "பார்த்தீங்களா" என்று வீட்டுக்காரரிடம் பெருமை அடித்துக்கொண்டேன். என் சோதனையின் லட்சணம் மறுநாள்தான் தெரிந்தது.

மண்டபத்தின் பக்கத்து அறையில் பெண்ணுக்கு அலங்காரம் நடந்தது. ஜடை வைப்பது, நெற்றிச்சுட்டி கட்டுவது, கண்ணாடியில் முகம் பார்ப்பது என்று முப்பது படங்கள் நெட்டுக்குத்தாகவே எடுத்தேன். தோள் வலிக்கவே இல்லை. கேமராவின் சின்னத் திரையில் எல்லாம் அழகாகத் தெரிந்தன. வெளியே வந்து ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, சும்மா ஒரு படத்தைப் பெரிதாக்கினேன். படத்தில் பெண்ணின் கண் மங்கலாக இருந்தது. அடுத்ததும் மங்கல். முப்பதும் மங்கல்.

கை நடுங்கியிருக்கும் என்று ஷட்டர் வேகத்தைக் கூட்டி எடுத்தேன். மங்கல். லென்ஸை மாற்றினேன். மங்கல். படுக்கை வாக்கில் எடுத்தால் மட்டும் துல்லியமாக வந்தது. வாசலில் மேளச் சத்தம் கேட்டுவிட்டது, மாப்பிள்ளை வந்துவிட்டார். இன்னும் அரைமணி நேரத்தில் அந்த அம்மா மேடை ஏறுவார்.

அப்போதுதான் அவரைப் பார்த்தேன். மலாக்காவில் கல்யாணம் எடுக்கிற இன்னொரு போட்டோகிராபர், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். அன்றைக்கு மாப்பிள்ளை வீட்டு விருந்தாளியாக, வேட்டி சட்டையில், கேமரா இல்லாமல் வந்திருந்தார். கையில் ஒரு கிளாஸ் சிராப், சிவப்பு ரோஜா சர்பத். முன்வரிசையில் உட்கார்ந்து என்னையே கவனித்துக்கொண்டிருந்தார்.

எனக்கும் அவருக்கும் இரண்டு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. காரணம் நான்தான். அவர் எடுத்த ஒரு தாலி கட்டும் படத்தை அந்த வீட்டுச் சொந்தக்காரர் யாரோ முகநூலில் போட்டு, எடுத்தவர் என்று இவர் பெயரையும் சேர்த்திருந்தார். படம் மங்கல். நான் சும்மா போயிருக்கலாம். "அண்ணே, ஃபோகஸை வீட்டுலயே வெச்சிட்டு வந்துட்டீங்களா?" என்று கீழே எழுதினேன். ஊரே வந்து சிரித்துவிட்டுப் போனது. அவர் பதில் எழுதவில்லை. அதற்குப் பிறகு எங்கே பார்த்தாலும் நான்தான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

அவர் எழுந்து என்னை நோக்கி வந்தார். போச்சு, பழி தீர்க்க நல்ல நேரம் பார்த்தார் என்று நினைத்தேன்.

"சிஸ்டர், தப்பா எடுத்துக்காதீங்க" என்று தணிந்த குரலில் ஆரம்பித்தார். "படுக்கையா எடுத்தா ஷார்ப்பா வருது, நெட்டாத் திருப்புனா மட்டும் போகுது. அதானே?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

"கிரிப்பு புதுசா?"

"நேத்துதான் வந்துச்சு."

"அந்த ஃபேனைப் பாத்து கிரிப்பு ஃபோகஸ் பட்டனை அமுக்குங்க. லென்ஸ் திரும்புதா பாருங்க."

அழுத்தினேன். லென்ஸ் அசையவில்லை. கேமராவின் பின்பக்கப் பட்டனை அழுத்தச் சொன்னார். உடனே லென்ஸ் திரும்பி, ஃபேனின் இறக்கை பளிச்சென்று தெரிந்தது.

"கேமரா பாடியில இருக்குற பட்டன் வேற, இது வேற லா. இதுக்கு மெனுவுல தனியா ஒரு லைன் இருக்கு. யாரோ அதை வெளிச்சத்தைப் புடிச்சு வைக்கிறதுக்கு மாத்தி வெச்சிருக்காங்க. கேமரா செகண்ட் ஹேண்டா?"

ஆமாம், முந்தின வருடம் கிளேபாங்கில் ஒருவரிடம் வாங்கியது. அவர் வைத்த அமைப்பு உள்ளேயே தூங்கிக்கொண்டிருந்திருக்கிறது. எனக்கு கிரிப் இல்லாததால் தெரியாமலே போய்விட்டது. காலண்டர் படம் எப்படித் தெளிவாக வந்தது என்பதும் அப்போது உறைத்தது. படுக்கை வாக்கில் செய்த ஃபோகஸ் அப்படியே நின்றது, நானும் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. கிரிப்பின் ஃபோகஸ் பட்டன் எதுவுமே செய்யவில்லை.

"இப்ப டைம் இல்லன்னா கிரிப்பை விட்டுருங்க. பழைய மாதிரி முழங்கையைத் தூக்கிப் புடிச்சுப் பாடி பட்டன்லயே எடுங்க" என்றார். என் தோள் விஷயத்தைச் சொன்னேன். மேடையைத் திரும்பிப் பார்த்தார். ஐயர் இன்னும் மாப்பிள்ளைக்கு மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தார். "சரி, ஒரு நிமிஷம் போதும்" என்றார்.

கேமராவை நீட்டினேன். உண்மையைச் சொல்கிறேன், நீட்டும்போது கூட மனதின் ஒரு மூலையில் சந்தேகம் இருந்தது. அவர் வாங்கிக்கொள்ளவில்லை. "நீங்களே அமுக்குங்க, நான் எடம் சொல்றேன்" என்றார். எந்தப் பக்கம் போக வேண்டும், எந்த வரியில் நிற்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். நூற்றுக்கணக்கான வரிகள் உள்ள அந்த மெனுவில் தன் வீட்டுக்குள் நடப்பதுபோல நடந்தார். கடைசியில் கிரிப் பட்டனுக்கு என்று இருந்த அந்த ஒற்றை வரியை நானே ஃபோகஸுக்கு மாற்றினேன். பார்க்கிறவர்களுக்கு இரண்டு போட்டோகிராபர்கள் பேசிக்கொள்கிறார்கள் என்றுதான் தோன்றியிருக்கும். அவ்வளவு பக்குவமாக என் மானத்தைக் காப்பாற்றினார்.

"கிட்ட ஒண்ணு, தூரத்துல ஒண்ணு டெஸ்ட் பண்ணுங்க" என்றார். என் பையை ஒரு படம், மண்டபத்துக் கடைசித் தூணை ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கினேன். இரண்டும் கத்தி மாதிரி இருந்தன.

"எப்படிண்ணே பாத்தவுடனே கண்டுபுடிச்சீங்க?"

"எனக்கும் இதே ஆச்சு. ரெண்டு வருஷத்துக்கு முந்தி, செர்காம்ல, தாலி கட்டுற நேரம். நீங்க கூட அந்தப் படத்துக்குக் கமெண்ட் போட்டிருந்தீங்களே."

குத்திக்காட்டும் குரல் இல்லை அது. எனக்குப் புரிய வேண்டும் என்பதற்காக அடையாளம் சொன்னார், அவ்வளவுதான். "பொண்ணு வந்துட்டா, போங்க போங்க" என்று அவரே என்னை மேடைப் பக்கம் அனுப்பிவைத்தார்.

அந்த அம்மா மாம்பழ நிறப் புடவையில் மேடை ஏறினார். எங்கே நிற்பது என்று அவருக்குத் தெரியவில்லை, யாராவது இறங்கச் சொல்லிவிடுவார்களோ என்பதுபோலக் கீழே பார்த்தார். மகள் அவர் கையை இழுத்துத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள். அம்மா வெற்றிலை, தேங்காயோடு மகளின் கையை எடுத்து மாப்பிள்ளையின் கையில் வைத்தார். பெண்ணின் அத்தை செம்பிலிருந்து தண்ணீர் வார்த்தார். நான் கேமராவைத் திருப்பினேன், கட்டைவிரலால் கிரிப் பட்டனை அழுத்தினேன். லென்ஸ் திரும்புவது கையில் தெரிந்தது. ஏழு படங்கள் எடுத்தேன். நாலாவதில் அந்த அம்மா தலையை நிமிர்த்தி மகளைப் பார்க்கிறார். கண்ணில் நீர் கட்டி நிற்கிறது, இமை முடியை ஒவ்வொன்றாக எண்ணலாம்.

எடுத்த கையோடு பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, கூட்டத்தில் அவரைத் தேடினேன். முன்வரிசையில் இருந்தார். கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன். சிரித்துவிட்டு சிராப்பைக் குடித்தார். எல்லாரும் போனைத் தூக்கிக்கொண்டு மேடையை மறைத்த நேரத்தில், அவர் மட்டும் கடைசிவரை ஒரு படமும் எடுக்காமல் உட்கார்ந்திருந்தார். அது என் வேலை, என் இடம் என்று விட்டுவைத்தார்.

பந்தி முடிந்ததும் அவரைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டேன். அந்தக் கமெண்ட்டை நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது என்றேன்.

"உங்க கமெண்ட் எல்லாம் ஒண்ணுமில்ல, சிஸ்டர்" என்றார். "அந்தப் பொண்ணு வீட்டுக்குப் போய், தாலி கட்டுற படம் ஒண்ணுகூடத் தெளிவா இல்லம்மான்னு சொன்னேன் பாருங்க, அதுதான் கஷ்டம். இன்னொருத்தருக்கு அது வர வேணாம்னுதான் எந்திரிச்சு வந்தேன்."

சொல்ல வேண்டிய ஒன்று எனக்கும் பாக்கி இருந்தது. அலங்காரப் படங்கள் முப்பதும் போனதை எப்படி மழுப்பலாம் என்று சாப்பிடும்போதே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அவர் பேச்சைக் கேட்ட பிறகு மனசு ஒப்பவில்லை. நேராகப் பெண்ணிடம் போய், பட்டனைச் சரியாகச் சோதிக்காதது என் தப்பு என்று சொல்லிவிட்டேன். அவள் முகம் வாடியது. "அம்மா படம்?" என்று மட்டும் கேட்டாள். காட்டினேன். அவள் அம்மாவைக் கூப்பிட்டு, கேமராவை அவர் முன்னால் நீட்டினாள்.

அந்த அம்மா கேமராவைக் கிட்டே இழுத்துத் திரையைப் பார்த்தார். "மேடையிலதான் நிக்கிறனா?" என்று கேட்டார். ஆமாம் ஆண்ட்டி, நடுவில்தான் நிற்கிறீர்கள் என்றேன்.

படம் இப்போது அந்த உயரமான பிரேமுக்குள் இருக்கிறது. முகநூலில் என் பழைய கமெண்ட்டை நான் அழிக்கவில்லை. அழித்தால் ஒளித்த மாதிரி ஆகிவிடும். அதற்குக் கீழேயே எனக்கு நடந்ததையும், என்னைக் காப்பாற்றியது யார் என்பதையும், கிரிப் பட்டனுக்கு மெனுவில் தனி வரி இருப்பதையும் எழுதினேன். அதைப் பார்த்துவிட்டு மூன்று போட்டோகிராபர்கள் தங்களுக்கும் இதே நடந்ததாக எழுதினார்கள். அதுவரை வெட்கத்தில் யாரும் வாய் திறக்கவில்லை. அவர் ஒரு லைக் போட்டார், வேறு எதுவும் எழுதவில்லை.

இப்போதெல்லாம் யாருடைய மங்கலான படத்தைப் பார்த்தாலும் எனக்குச் சிரிப்பு வருவதில்லை. அதை எடுத்தவர் எந்த வீட்டு வாசலில் போய்த் தலைகுனிந்து நின்றாரோ என்றுதான் முதலில் தோன்றுகிறது.