இடது மணிக்கட்டு

தையல் மெஷின் முன்னால் தவிர வேறெங்கும் அவள் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. தெருவே அவளைப் பம்பரம் என்றுதான் கூப்பிட்டது. அப்பேர்ப்பட்டவளைச் சிறுநீரகம் பழுதாகி, வாரத்துக்கு மூன்று நாள், நாலு நாலு மணி நேரம், டயாலிசிஸ் படுக்கையில் கிடத்திவிட்டது.

முதலில் கழுத்தில் குழாய் செருகினார்கள். அதில் சீழ் பிடித்துப் பிழைத்ததே பெரும்பாடாகிவிட்டது. பிறகுதான் இடது மணிக்கட்டில் தமனியைச் சிரையோடு இணைப்பதாகச் சொன்னார்கள். தமனி, இதயத்திலிருந்து வேகமாக வரும் ரத்தத்தைத் தாங்கும் தடித்த குழாய். சிரை, அது திரும்பிப் போகும் மெல்லிய குழாய். கேட்டதும் அவளுடைய தொழில்புத்தி விழித்துக்கொண்டது.

“ஜீன்ஸ் துணியையும் மல் துணியையும் சேர்த்துத் தைச்சா மல்லு கிழிஞ்சிடாதா டாக்டர்?”

“துணின்னா கிழியும்மா. இது உயிருள்ள குழாய். ரத்தம் மோத மோத அதுவே தடிச்சுக்கும். அப்புறம் எத்தனை ஊசி குத்தினாலும் தாங்கும்.”

தடித்தது. விரலை வைத்தால் மெஷின் ஓடுவதுபோல் அதிர்ந்தது. அது நின்றால் குழாய் அடைத்துவிட்டது என்று அர்த்தம்; மறுபடி கழுத்துக் குழாய்தான். அந்தப் பயத்தில் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை தொட்டுப் பார்ப்பாள். அந்தக் கையில் எதுவும் அழுத்தக் கூடாதென்று வளையலைக் கழற்றினாள், வாட்சைக் கழற்றினாள், இடப்பக்கம் ஒருக்களித்துப் படுப்பதையும் விட்டாள். பள்ளிக்கூட வேன் ஓட்டும் அவள் கணவருக்கோ அந்தக் கையைப் பார்த்தாலே உதறல். ஒரு நாள்கூடத் தொட்டதில்லை.

ஒரு மதியம் அவள் தொட்டாள். அதிரவில்லை. இடம் மாற்றித் தொட்டாள். காதில் வைத்துப் பார்த்தாள். சலனமே இல்லை.

“நேத்து காய்கறிப் பைய எங்கிட்ட குடுத்தீங்கல்ல? இந்தக் கைலதான் மாட்டினேன். நீங்கதான் கெடுத்தீங்க!”

ஆஸ்பத்திரி வாசல்வரை இதே பாட்டுத்தான். அவர் வேனை விரட்டினார்.

நர்ஸ் கையைத் திருப்பிப் பார்த்தாள். மணிக்கட்டைச் சுற்றிச் சிவப்பாக ஒரு கோடு.

“இங்க என்னம்மா கட்டியிருந்தீங்க?”

பம்பரத்துக்குத் தூக்கிவாரிப்போட்டது. குண்டூசி குத்திவைக்கும் சின்னப் பஞ்சு மெத்தை, எலாஸ்டிக் பட்டியோடு. சீருடை தைக்கும் அவசரத்தில், முப்பது வருஷப் பழக்கத்தில், தன்னையறியாமல் இடது கையில் மாட்டி, காலை முழுக்க அதோடேயே தைத்திருக்கிறாள். கழற்றியதுகூட நினைவில்லை. கணவரை நிமிர்ந்து பார்க்க அவளுக்கு வெட்கமாக இருந்தது.

அன்றே அறுவை செய்து, உறைந்த ரத்தக் கட்டியை எடுத்தார்கள். கண் விழித்ததும் தொட்டுப் பார்க்கத் துடித்தாள். வலது கையிலோ சொட்டு மருந்து ஏறிக்கொண்டிருந்தது, அசைக்க முடியவில்லை. பக்கத்தில் கணவர் மட்டும் நின்றார்.

“ஏங்க, தொட்டுப் பாருங்க.”

“நானா? நர்ஸ் வரட்டுமே.”

“தாங்க முடியலங்க. உங்க மேல பழியப் போட்டது என் தப்புதான். தொடுங்க.”

கண்ணை மூடிக்கொண்டு விரல்களை வைத்தார். கொஞ்சம் நகர்த்தி வைத்தார்.

“என்னங்க? ஓடுதா?”

“இரு... ஓடுது. நீ அவசரமா தைக்கும்போது ஓடுமே, அப்படி ஓடுது.”

அவள் அழுதாள். கொஞ்ச நேரத்தில் நர்ஸ் வந்து, நான் பார்க்கிறேன், நகருங்கள் என்றாள். அவர் விரலை எடுக்கவில்லை.