அத்தை தீட்டிய பன்னிரண்டு கோபங்கள்

எனக்குப் பதினொரு வயதானபோது அத்தை என்னை நிற்கவைத்தே உயிரை வாங்கினாள். அத்தை என்றால் அப்பாவின் தங்கை. மலேசியாவில், பாசிர் கூடாங்கில் எங்கள் வீட்டில் தங்கி, ஃபேக்டரி பஸ்ஸில் வேலைக்குப் போய்வந்தாள். ஷிஃப்ட் முடிந்து வந்ததும் சோறுகூடத் தின்னாமல், "வாடி, நில்லு" என்பாள். நான் சனிக்கிழமைகளில் கோயில் மண்டபத்தில் பரதம் கற்றுக்கொண்டிருந்தேன். நான் செய்த குற்றம் அது ஒன்றுதான்.

அவளுக்கு ஆடும் பெண்களை பாஸ்டலில் தீட்ட வேண்டும். பாஸ்டல், வண்ணப் பொடியைக் கெட்டியாக்கிய குச்சி. தாளில் உரசி, விரலால் தேய்த்துவிடுவாள். மின்விசிறி போடக்கூடாது, பொடி பறந்துவிடுமாம். அந்தப் புழுக்கத்தில் அரைமண்டியில், முகத்தில் பாவத்தோடு நின்று பாருங்கள், தெரியும்! நடன டீச்சர் சிரி, சிரி என்று பிடுங்குவார். இவளோ சிரித்தால் திட்டுவாள். "காலண்டர் படமா வரையறேன்? கோவத்தக் காட்டு. கண்ணுல காட்டு." பல்லைக் கடித்துக்கொண்டு காட்டினேன்.

இப்படியே ஆறு வாரத்தில் பன்னிரண்டு படங்கள் சேர்ந்தன. ஜோகூர் பாருவில் ஓர் ஓவியக் கல்லூரி அவளை நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருந்தது. படங்களைக் கையோடு கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். அப்பாவுக்கு அதில் துளியும் இஷ்டமில்லை. "அடுத்த மாசம் ஒன்ன சூப்பர்வைசர் ஆக்கப்போறாங்க, இப்பப் போயி காலேஜா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். அதற்குப் பிறகு அண்ணனுக்கும் தங்கைக்கும் நடுவே, சாப்பிட்டாச்சா என்பதைத் தவிர வேறு பேச்சில்லை.

நேர்முகத்துக்கு முந்தின நாள் அத்தை காலை ஷிஃப்டுக்குப் போயிருந்தாள். நான் பள்ளி விட்டு வந்தபோது, அப்பா சாப்பாட்டு மேசைமேல் பளபளவென்று எதையோ பரப்பிவைத்திருந்தார். எங்கள் வீட்டுக்கு ஒரு வியாதி உண்டு. முக்கியமான காகிதம் எது கிடைத்தாலும் லேமினேட் போட்டுவிடுவோம். பிறப்புப் பத்திரம், அம்மாவின் தையல் சான்றிதழ், என் ஓட்டப்பந்தயச் சான்றிதழ் எல்லாம் பிளாஸ்டிக்குக்குள்தான். இப்போது பன்னிரண்டு படங்களுக்கும் அது தொற்றியிருந்தது. ஃபோட்டோஸ்டாட் கடைக்காரன் ஒன்றுவிடாமல் சூடான உருளைக்குள் கொடுத்து நசுக்கித் தந்திருந்தான். பொடி இழுபட்டு, கண் கன்னத்துக்கு வழிந்து, விரல்களெல்லாம் ஒன்றோடொன்று அப்பி, நடுநடுவே கொப்புளம் வேறு.

"அலமாக்! என்னப்பா பண்ணி வச்சிருக்கீங்க?"

"மழ பேஞ்சா நனைஞ்சிரும்லா," என்றார் அப்பா நிதானமாக. "மோட்டார்லதான போவணும். நாளைக்கு லீவு சொல்லிட்டேன். நானே கொண்டுபோயி விடுறேன்."

அத்தை அப்போதுதான் உள்ளே வந்தாள். மேசையைப் பார்த்தாள்.

"எல்லாம் நாசமாப் போச்சு அத்தை, அப்பாவ நல்லாக் கேளுங்க!" என்று நான் ஆரம்பித்ததும் என் முதுகில் ஒரு கிள்ளு விழுந்தது.

"அழகா இருக்குண்ணே," என்றாள். "இனிமே நனையாது."

பச்சைப் பொய்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்பா அதை நம்பி, சந்தோஷமாக மோட்டார் சைக்கிளுக்குக் காற்றடிக்கப் போனார். அவர் தலை மறைந்ததும் அத்தை முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, மிச்சமிருந்த தாளை விரித்தாள். "நில்லு." திட்டவேண்டியவரை விட்டுவிட்டு என்னைக் கிள்ளியவளுக்காக, பொழுது சாயும்வரை நின்றேன். கோபத்தைக் காட்டச் சொல்ல வேண்டிய அவசியமே அன்றைக்கு இருக்கவில்லை. இரண்டு படம் தேறியது.

அந்த இரண்டை வைத்துத்தான் இடம் கிடைத்தது. கல்லூரி விடுதிக்குக் கிளம்பிய அன்று, சுவரில் மாட்டுவதற்கென்று ஒரே ஒரு படத்தைப் பெட்டியில் வைத்தாள். எட்டிப் பார்த்தேன். கண் கன்னத்துக்கு வழிந்த படம்.

"நல்லத விட்டுட்டு இதையா கொண்டுபோறீங்க? கண்றாவியா இருக்கு!"

"ஒங்கப்பா போட்டுக் குடுத்ததுடி," என்றாள்.

அதனால்தானே கண்றாவியாக இருக்கிறது என்று, பஸ் வரும்வரை விடாமல் அவளுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன்.