ஒன்பது விண்மீன்களின் பிறந்த இடம்

மதியம் மூன்றரை மணிக்கு மேலப்பாளையத்தில் ஆட்டோ பிடித்தேன். பேருந்தைத் தவறவிட்டிருந்தேன். முக்கூடல் சுமார் இருபத்தைந்து கிலோமீட்டர், அறுநூறு ரூபாய். ஐந்து மணிக்கு அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் ‘வெளியிலிருந்து வந்த விண்மீன்கள்’ என்று பேச ஒப்புக்கொண்டிருந்தேன். அவை வெளியிலிருந்து வந்தவைதானா என்று எனக்கே இன்னும் உறுதியாகத் தெரியாது. நான் ஒரு அவசரக்குடுக்கை.

எங்கள் குழுவின் வழக்கம் அப்படி. ஒன்பது விண்மீன்களின் ஓட்டத்தை அளந்தது நான். அவற்றில் என்னென்ன தனிமங்கள் உள்ளன என்று பெங்களூரில் எங்கள் ஆய்வகத்தில் ராஜி அளந்தாள். இரண்டும் முடியும்வரை ஒருவர் கணக்கை மற்றவர் பார்க்கக் கூடாது. இன்று நான்கு மணிக்கு இரண்டு கணக்கையும் திறக்கிறோம். மற்றவை பால்வழியின் மையத்தை வட்டமாகச் சுற்ற, இந்த ஒன்பதும் மையத்துக்குள் பாய்ந்து பாய்ந்து திரும்புகின்றன. பால்வழி எப்போதோ விழுங்கிய ஒரு சின்ன விண்மீன் மண்டலத்தின் மிச்சம் இவை என்று கட்டுரை எழுதி வைத்திருந்தேன். அந்தக் கட்டுரை வந்தால்தான் அடுத்த மாதம் எனக்கு வேலை.

ஓட்டுநர் காதர் பாய் பல வருடம் சவூதியில் லாரி ஓட்டியவர். கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டு வந்தார்.

“போனையே பாத்துக்கிட்டு வாரியளே, ஆஸ்பத்திரில யாரும் இருக்காவளா?”

“ரிசல்ட்டு வரணும் பாய்.”

“பிள்ளைக்கா?”

“எனக்குத்தான்.”

“அப்பம் பைய போவமா, வெரசா போவமா?”

என்னை நோயாளி என்றே நினைத்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பேட்டை தாண்டி ரயில்வே கேட் அடைத்திருந்தது. அங்கேதான் ராஜி கூப்பிட்டாள்.

“ஒம்பதுல எட்டுக்கு மெக்னீசியம் கூடுதல்டி.”

சின்ன மண்டலத்தில் பிறந்திருந்தால், இரும்போடு ஒப்பிட மெக்னீசியம் குறைவாக இருக்க வேண்டும். ஓட்டம் மாறலாம், பிறவிக் கலவை அப்படி மாறாது. எட்டும் நம் பால்வழியிலேயே பிறந்தவை. பால்வழி அந்தச் சின்ன மண்டலத்தை விழுங்கியபோது நடந்த மோதலில் உதைபட்டுப் பாதை மாறியிருக்கின்றன.

“ஒண்ணு மட்டும் குறைவு. அதை மட்டும் வச்சு எழுதிடலாமா?” என்றாள்.

ஆசையாகத்தான் இருந்தது. ரயில் போய் முடிந்து கேட் திறந்தது.

“வேண்டாம். எட்டையும் சேர்த்து முதல்ல இருந்து எழுதுவோம்.”

“அதுக்கு ஒரு வருஷம் ஆகும். உன் வேலை?”

“போகும்.”

முக்கூடல் போய்ச் சேர்ந்தபோது ஐந்து ஆகவில்லை. நடந்ததை அப்படியே பிள்ளைகளிடம் சொன்னேன். பேசி முடித்ததும், என்னை அழைத்திருந்த அறிவியல் டீச்சர் எழுந்தார்.

“அதுவொ திரும்பப் பழைய பாதைக்கே போயிருமா மேடம்?”

“போகாது டீச்சர்,” என்றேன். பெங்களூரில் என் மேசையை இந்த மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். கை தூக்கியிருந்த பிள்ளைகளை நிமிர்ந்து பார்க்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.