கோழி மேல் போட்ட பழி

போன வாரம் மருமகன் ஒரு பழைய புல்லட்டை வாங்கி வந்து வாசலில் நிறுத்தினான். அவனைவிட வயதான வண்டி. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பழைய வண்டி என்றால் தனிப் பித்து. மேடு ஏறும்போது இருமுகிறது, கார்புரேட்டரில் அடைப்பு என்று அவனே கழற்ற உட்கார்ந்துவிட்டான். எப்படிக் கழற்றுவது என்று பக்கத்தில் செல்போனுக்குள்ளிருந்து யாரோ சொல்லிக்கொண்டிருந்தார். எவர்சில்வர் தட்டில் பெட்ரோலை ஊற்றியதும் வாடை உள்ளே வந்தது. நான் பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விட்டேன். "அப்பாவுக்குப் பெட்ரோல் வாடை ஆகாதுங்க" என்று மகள் அவனிடம் சொன்னது காதில் விழுந்தது.

ஆகாது என்று வீட்டில் நான்தான் சொல்லி வைத்திருக்கிறேன். உங்களிடம் உண்மையைச் சொல்லலாம். ஒரு காலத்தில் எனக்கு அந்த வாடை என்றால் உயிர். அப்போது ஏற்காட்டு மலையில் தலைச்சோலைப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் ரைட்டராக இருந்தேன். இருபத்து நான்கு வயது. மிஷன் பள்ளியில் படித்ததால் கையெழுத்து குண்டு குண்டாக இருக்கும். அந்த ஒரு தகுதிக்குத்தான் வேலை கொடுத்தார்கள். காலையில் ஆட்களைப் பேர் கூப்பிடுவது, சாயங்காலம் பழத்தை எடை போடுவது, நடுவில் சும்மா அதிகாரம் பண்ணுவது. வேலையை விட்டுப் போன மானேஜர் ஒருவர் தன் புல்லட்டை என் தலையில் கட்டிவிட்டுப் போனார். எஸ்டேட்டிலேயே மோட்டார் சைக்கிள் வைத்திருந்த ஒரே ஆள் நான். தலைகால் புரியுமா? ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகும்போதுகூட நகக்கண்ணில் இருக்கும் கிரீஸைக் கழுவாமல்தான் போவேன். நாலு பேர் பார்க்க வேண்டுமே.

எங்கள் மலையில் ஒரு பழக்கம் உண்டு. மேட்டுக்கு மட்டும்தான் இஞ்சின். இறக்கம் வந்துவிட்டால் அணைத்துவிட்டு உருட்டிக்கொண்டே போவோம். டாங்கியில் அடிமண்டி வரைக்கும் ஓட்டுவோம். அந்த மண்டியில் கிடக்கிற துருவெல்லாம் கார்புரேட்டருக்குள் வந்து உட்காரும். அதனால் மாதம் ஒரு முறை அதைக் கழற்றிக் கழுவியே ஆகவேண்டும். பெட்ரோல் குழாயை மூடி, ரப்பர் டியூபைப் பிடுங்கி, இரண்டு நட்டைத் தளர்த்தினால் கையோடு வந்துவிடும். கீழே இருக்கும் கிண்ணத்தைத் திறந்தால் பித்தளை மிதவை. அதற்கும் உள்ளே பட்டாணி அளவுகூட இல்லாத ஒரு பித்தளைத் துண்டு. அதற்குப் பேர் ஜெட். நடுவில் முடி நுழைகிற ஓட்டை. பெட்ரோல் அந்த வழியாகத்தான் இஞ்சினுக்குப் போக வேண்டும். அது இல்லாவிட்டால் வண்டி வெறும் இரும்பு. ஊசியால் குத்தக் கூடாது, ஓட்டை பெரிதாகிவிடும். வாயில் வைத்து ஊதிவிட்டு வெயிலில் தூக்கிப் பிடித்தால் ஒரு பொட்டு வானம் தெரியும். அதைப் பார்ப்பதற்காகவே கழற்றினேனோ என்னவோ.

அந்த வருஷம் மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழா அன்று எஸ்டேட்டே காலி. ஜீப்புகளெல்லாம் ஆட்களை அடைத்துக்கொண்டு மேலே போய்விட்டன. இன்றைக்கு யாருக்கும் வண்டி தேவைப்படாது என்று நினைத்துக் காப்பிக் களத்துச் சிமெண்டுத் தரையில் கார்புரேட்டரைப் பிரித்துப் பரப்பினேன். ஆட்கள் குடியிருக்கும் லயன் வீடுகளில் மிச்சம் இருந்தது ஒரே குடும்பம்: பொன்னான், அவன் பெண்டாட்டி குப்பாயி, தவழ்கிற பெண் குழந்தை, தம்பி சடையன். பங்காளி வீட்டில் சாவு விழுந்து தீட்டு என்பதால் அவர்கள் மட்டும் கோயிலுக்குப் போகவில்லை.

உச்சிவெயில் நேரம். சடையன் அண்ணனை முதுகில் சுமந்துகொண்டு களத்துக்கு வந்தான். பின்னால் குப்பாயி ஓடி வந்தாள்.

"ஏனுங்க ரைட்டரே, எங்க ஊட்டுக்காரர விரியன் கடிச்சுப்போட்டுதுங்க! வண்டியெடுங்க சாமி!"

விறகு ஒடிக்கப் போன இடத்தில் கடித்திருக்கிறது. கணுக்காலுக்கு மேலே துண்டைக் கட்டியிருந்தார்கள். பொன்னான் நல்ல நினைவோடுதான் இருந்தான். தரையில் பரப்பிக் கிடந்ததை சடையன் பார்த்தான்.

"ரோட்டுக்குத் தூக்கிட்டுப் போயிரட்டுங்களா? பஸ்சு வர்ற நேரமுங்க" என்றான். ரோடு கால் மணி நேர நடை.

சரி, போங்கள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். "வேண்டாம், பத்தே நிமிஷம். மாட்டிடறேன்" என்றேன்.

"ரைட்டரு சொல்றாருல்லீங்க, சித்த இருங்க கொழுந்தனாரே" என்றாள் குப்பாயி. ரைட்டர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று லயனில் எல்லோரும் நம்பினார்கள். நானும் நம்பினேன்.

மாட்ட உட்கார்ந்தால் ஜெட்டைக் காணோம். தட்டில் இல்லை, துணி மடிப்பில் இல்லை. நான் மண்டியிட்டுத் தேடினேன். குப்பாயியும் சடையனும் என்னோடு மண்டியிட்டுத் தரையைத் தடவினார்கள். பொன்னான் சுவரில் சாய்ந்தபடி, "கெடச்சுதுங்களா?" என்று இரண்டு தரம் கேட்டான். மஞ்சக்குட்டைப் பக்கத்திலிருந்து ஏற்காடு போகும் பஸ்ஸின் ஹாரன் ரோட்டு வளைவில் கேட்டது. சடையன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். நான் நிமிரவில்லை.

குப்பாயியின் கோழி ஒன்று காலையிலிருந்து அந்தத் தட்டைத்தான் சுற்றிக்கொண்டிருந்தது. "இது கொத்தியிருக்குமோ?" என்று கேட்டது நான்தான். சடையன் அதைத் துரத்திப் பிடிக்கவே நேரமாயிற்று. அரிவாளால் அறுத்து, இரைப்பையைக் கிழித்துத் தரையில் உதறினான். நான் குனிந்து பார்த்தேன். சாமை, கல், மண். அப்போது என் சட்டைப் பையிலிருந்து ஜெட் நழுவி அந்த ரத்தத்தில் விழுந்தது. கோழி கொத்திவிடப் போகிறதே என்று காலையில் நானேதான் அதைப் பத்திரமாகப் பையில் போட்டிருக்கிறேன். சுத்தமாக மறந்துவிட்டேன்.

"கெடச்சுப்போச்சுங்க! கோழிதான் முழுங்கியிருக்குதுங்க!" என்று சடையன் கத்தினான். நான் இல்லை என்று சொல்லவில்லை. ஜெட்டைத் துடைத்துத் திருகினேன்.

வண்டி மூன்றாம் உதையில் கிளம்பியது. பொன்னானை நடுவில் உட்கார வைத்து, சடையன் பின்னாலிருந்து கட்டிப் பிடித்துக்கொண்டான். ஏற்காடு போய்ச் சேர்ந்தபோது பொன்னானின் ஈறெல்லாம் ரத்தம், பேச்சு நின்றிருந்தது. ஆஸ்பத்திரியில் ஓடி ஓடித்தான் பார்த்தார்கள். "கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா..." என்று ஆரம்பித்த டாக்டர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். விளக்கு வைக்கிற நேரத்தில் பொன்னான் செத்துப்போனான்.

காரியம் முடிந்த அன்று குப்பாயி என்னைத் தேடி ஆபீசுக்கே வந்தாள். "நீங்க நொம்பப் பாடுபட்டீங்க சாமி. நாந் தீனி போட்டு வளத்த கோழியே அவரக் கொன்னுபோட்டுதுங்க" என்று அழுதாள். அதற்கப்புறம் அவள் கோழி வளர்க்கவில்லை. அடுத்த வீட்டுக் கோழி வாசலுக்கு வந்தால்கூடக் கல்லெடுத்து அடிப்பாள். நான் பார்த்துக்கொண்டே போவேன். தினமும் காலையில் அவள் பேரைக் கூப்பிட்டேன். "இருக்கறனுங்க சாமி" என்று பதில் வரும். ஒரு நாளாவது சொல்லியிருக்கலாம். வேலை போய்விடும் என்ற பயமில்லை. அவள் கண்ணில் நான் நல்லவனாக இருந்தேன். அதை இழக்க மனம் வரவில்லை. அவ்வளவு கேவலமான காரணம்தான். இரண்டு வருஷத்தில் வண்டியை விற்றுவிட்டு, வேலையையும் உதறிவிட்டுச் சேலத்துக்கு இறங்கிவிட்டேன்.

முந்தாநாள் பஸ் ஏறித் தலைச்சோலைக்குப் போனேன். இந்தத் தடவை எப்படியும் சொல்லிவிடுவது என்று வழி முழுக்க வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். எஸ்டேட் துண்டு துண்டாகப் பிரிந்து தங்கும் விடுதிகளாகிவிட்டது. லயன் இல்லை, ஆபீஸ் இல்லை. காப்பிக் களம் இருந்த இடத்தில் வெளியூர்க் கார்கள் நிற்கின்றன. அங்கே கேட்டு இங்கே கேட்டுக் குப்பாயியின் மகள் வீட்டைக் கண்டுபிடித்தேன். அப்பன் சாகும்போது தவழ்ந்துகொண்டிருந்தவள். இப்போது அவளுக்கே தலை நரைத்திருக்கிறது. சடையன் போய்ப் பல வருஷம் ஆகிவிட்டதாம். குப்பாயி போய் ஒரு மாதம்தான் ஆகிறதாம். ஒரு மாதம்.

என்னைத் திட்டவும் அடிக்கவும் உரிமை இருந்தவர்கள் அவர்கள் இருவரும்தான். இனி அதற்கும் ஆளில்லை. அவளிடமாவது சொல்லிவிடலாம் என்று, "அப்போ எஸ்டேட்டில் ரைட்டராக இருந்தவன் நான்" என்று ஆரம்பித்தேன்.

"ரைட்டருங்களா?" என்று அவள் எழுந்துவிட்டாள். "அம்மா கடைசி வரைக்கும் உங்களைத்தாஞ் சொல்லிக்கிட்டிருந்துச்சுங்க. எப்பவாச்சும் அவரப் பாத்தா எனக்காக ஒரு கும்புடு போட்டுரு கண்ணுன்னு சொல்லுச்சுங்க."

சொன்னபடியே குனிந்து என் காலைத் தொட்டாள். நான் காலை இழுத்துக்கொள்ளவில்லை. அவள் தலையில் கை வைத்து, "நல்லா இரு கண்ணு" என்றேன்.