அஞ்சலை அக்காவும் குளிரில் கிளம்பாத வேனும்

மலேசியாவில், எங்கள் பத்து பாகாட் ஊரில் இன்று காலை நல்ல மழை. சந்தைக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு கிழட்டு லாரி கிளம்ப மனமில்லாமல் இருமிக்கொண்டிருந்தது. பின்னால் வெள்ளைப் புகை. எரியாத டீசலின் அந்தப் பச்சை வாடை மூக்கில் ஏறியதும், கையிலிருந்த தே தாரிக் டீ ஆறுவதுகூடத் தெரியாமல் நின்றுவிட்டேன்.

இதே வாடை என்னைப் படுத்திய காலத்தில் எனக்கு இருபத்து மூன்று வயது. லாயாங் லாயாங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் குடியிருந்தோம். பழைய டீசல் வேன் ஒன்றை வாங்கி, குளுவாங்கில் இருந்த ஃபேக்டரிக்குப் பெண்களை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தேன். என்னை நானே முதலாளி என்று சொல்லிக்கொள்வேன். வேறு யாரும் சொன்னதில்லை.

வேனுக்கு ஒரே வியாதிதான். வெயில் ஏறிவிட்டால் சாது; குளிர்ந்த காலையில் மட்டும் கிளம்பாது. டீசல் ஃபில்டரை மாற்றினேன். குழாயில் காற்று புகுந்திருக்கும் என்று கைப்பம்பை அமுக்கி அமுக்கிக் கட்டைவிரல் வீங்கியதுதான் மிச்சம். இன்ஜினை முன்கூட்டியே சூடாக்கும் ஹீட்டர் பிளக்குகளை மட்டும் நான் சந்தேகப்படவே இல்லை. சாவியைத் திருப்பினால் அதற்கான ஆரஞ்சு விளக்கு ஒழுங்காக எரிந்து அணைகிறதே!

எங்கள் வரிசையில் மூன்றாவது வீடு அஞ்சலை அக்காவுடையது. ரப்பர் ஷீட்டுகளைப் புகை போட்டுக் காயவைக்கும் கொட்டகையில் வேலை. அதே லயத்தில் பிறந்தவர்தான். பிறப்பை யாரும் பதியாததால் ஐம்பது வயதிலும் கையில் குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அடையாளக் கார்டு. எத்தனையோ தடவை மனுப் போட்டு, கடைசியில் ஜொகூர் பாருவில் குடியுரிமை நேர்காணலுக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. காலை ஒன்பது மணி. "நான் கொண்டு போய் விடறேன்கா" என்று வீராப்பாகச் சொன்னவன் நான்தான்.

டிசம்பர் மாதம், இரவெல்லாம் மழை பெய்து ஓய்ந்த விடியல். ஃபேக்டரிக்கு அன்று லீவு. அக்கா ஊதாப் பட்டுப் புடவையில், தலையில் மல்லிகையோடு, கடிதத்தைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி மார்போடு அணைத்தபடி நின்றார். நான் சாவியைத் திருப்பினேன். வேன் முனகியது. மறுபடி. மறுபடி. பேட்டரி சோர்ந்துபோனதுதான் பலன். நான் பம்பை நோக்கி ஓடினேன்.

"தம்பி, அத ஏன் போட்டு அமுக்குற? எண்ணெதான் போவுதே" என்றார் அக்கா.

"உங்களுக்கு எப்படிக்கா தெரியும்?"

"பின்னாடி வந்து பாரு லா. வெள்ளப் பொகை. ஈர வெறகு இப்படித்தான் பொகையும். வெறகு இருக்கு, சூடுதான் பத்தல."

பின்னால் போய்ப் புகையைப் பார்த்தேன். அது சரி என்று அப்போதுதான் உறைத்தது. டீசல் போகாவிட்டால் புகையே வராது. ஒரு சின்ன பல்பில் இரண்டு ஒயரை முறுக்கி, ஒன்றை வண்டி உடம்பில் வைத்து, மற்றதை ஹீட்டர் பிளக்குகளை இணைக்கும் தகட்டில் தொட்டேன். அக்கா உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். பல்பு எரியவில்லை. தகட்டுக்கு வரும் ஒயரின் முனையில் தொட்டேன், பளிச்சென்று எரிந்தது. இரண்டுக்கும் நடுவே ஒரு நட்டு, பச்சை பூத்து உளுத்துப் போயிருந்தது. பிளக்குகள் சூடேறாவிட்டாலும் தன்பாட்டுக்கு எரிந்து அணைந்த அந்த ஆரஞ்சு விளக்கு என்னை மாதக்கணக்கில் ஏமாற்றியிருக்கிறது!

நான் நட்டைக் கழற்றிக் கொடுக்க, அக்கா உப்புத்தாளால் தேய்த்தார். "புடவைக்கா!" என்றேன். "புடவையவா கேக்கப் போறாங்க?" என்றார். பேட்டரியில் மிச்சமிருந்த உயிரை வைத்துப் பிளக்குகளைச் சூடாக்கினேன். லயமே வந்து சரிவில் தள்ளியது, பட்டுப் புடவையும் சேர்ந்து. இரண்டாவது கியரில் கிளட்சை விட்டேன். ஒரு குலுக்கல், ஓர் உறுமல். வேன் பிடித்துக்கொண்டது. போய்ச் சேரும்வரை இன்ஜினை நான் அணைக்கவே இல்லை. மூடுபனிக்குள் ரப்பர் மரங்கள் வரிசை வரிசையாக எங்களைக் கடந்து மிதந்துபோயின. அக்கா உதட்டுக்குள் மலாய் வாக்கியங்களை ஒப்பித்துக்கொண்டே வந்தார்.

நேர்காணலில் நடந்ததை அவர் சொல்லித்தான் கேட்டேன். கைரேகை எடுக்கும்போது அதிகாரி அம்மா, கை ஏன் இப்படிக் கறுத்திருக்கிறது என்று கேட்டாராம். "வேன் ரோசாக், புவான். சாயா தோலாக்" என்றாராம் அக்கா. வேன் கெட்டுப்போச்சு அம்மா, நான் தள்ளினேன் என்று அர்த்தம். அந்த அம்மா சிரித்துவிட்டு டிஷ்யூ கொடுத்து, வேனைப் பற்றியும் புகைக் கொட்டகையைப் பற்றியும் கேட்டுக்கொண்டே இருந்தாராம். மனப்பாடம் செய்ததில் ஒன்றுகூடக் கேட்கவில்லை என்று அக்காவுக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

அடுத்த ஆண்டு குடிமக்களுக்கான நீலக் கார்டு வந்தது. அதன் பிறகு தோட்டம் கைமாறி, லயத்தை இடித்தார்கள். அக்கா இங்கே பத்து பாகாட்டில் மகள் வீட்டுக்கு வந்தார். கார்டில் முகவரியை மாற்றச் சொன்னாள் மகள். "இருக்கட்டும்டி, அங்கதானே பொறந்தேன்" என்று கடைசிவரை மாற்றவில்லை. அக்கா போய்ச் சேர்ந்து இரண்டு மழைக்காலம் ஆகிறது. போன மாதம் பழைய தோட்டத்துப் பக்கம் போனேன். எண்ணெய்ப்பனை, கண்ணுக்கு எட்டிய தூரம்வரை எண்ணெய்ப்பனை. அக்காவின் கார்டில் இருந்த அந்த மூன்றாம் வீடு எங்கே இருந்திருக்கும் என்று நடந்து நடந்து பார்த்தேன். தெரியவில்லை.