தேதியம்மாவின் காபந்து நாள்கள்

அந்தத் தலையணைக் கம்பெனியில் அவளுக்குப் பெற்றோர் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி அவள் தேதியம்மா. துணி, பஞ்சு, நூல், உறை, அட்டைப்பெட்டி என்று வெளியிலிருந்து வரவேண்டிய அத்தனையையும் வாங்குகிற பொறுப்பு அவளுடையது. பத்தொன்பது வருடத்தில் அவள் சொன்ன தேதிக்குச் சரக்கு வராமல் போனதே இல்லை. தேதியம்மா சொன்னால் சூரியன்கூட ஒரு நாள் முன்னாடி வரும் என்று கிடங்குக்காரர் கிண்டலடிப்பார். அதில் அவளுக்கு உள்ளூரப் பெருமைதான்.

அந்தப் பெருமைக்குப் பின்னால் ஒரு சின்னப் பொய் இருந்தது. இருபதாம் தேதிக்குத் தேவைப்படும் சரக்கைப் பதினாறாம் தேதிக்கே வேண்டும் என்று எழுதுவாள். நடுவில் மழை பெய்யலாம், வண்டி படுத்துக்கொள்ளலாம், மிஷின் மக்கர் பண்ணலாம். அதற்காகப் பதுக்கி வைக்கிற அந்த நான்கு நாளுக்குக் காபந்து நாள் என்று அவளே பெயர் வைத்திருந்தாள். வீட்டிலும் இதே கதைதான். சுவர்க் கடிகாரத்தைக் கால் மணி நேரம் முன்னால் ஓடவிட்டிருந்தாள். பேருந்து ஓட்டுநரான அவள் கணவர், "இந்த வீட்டுல மணி ஏழுன்னா உலகத்துல ஆறே முக்கால்" என்று சொல்லிக்கொண்டே நிதானமாகச் சவரம் செய்வார்.

கணவருக்கு உண்மை தெரியும், கழித்துக்கொள்வார். உறைக்காரருக்குத் தெரியாதே.

தலையணை உறை தைத்துத் தருகிறவர் என்பதால் அலுவலகத்தில் அவருக்கு அந்தப் பெயர். ஊருக்கு வெளியே பதினான்கு பெண்களை வைத்துப் பட்டறை நடத்தினார். பன்னிரண்டு வருடமாகப் போனில் மட்டும்தான் பழக்கம். ஒருவர் முகத்தை மற்றவர் பார்த்ததில்லை. ஆனாலும் அவள் இருமினால், வெந்நீர் குடிங்க மேடம் என்பார். அவர் மகள் பிரசவத்துக்கு வந்திருந்த சமயம், அவள் முதலில் மகளை விசாரித்துவிட்டுத்தான் உறையை விசாரிப்பாள்.

அந்த வருடம் கம்பெனி ஒரு நல்ல காரியத்தில் இறங்கியது. வாங்குகிற பொருள் நன்றாக இருந்தால் போதாது, அதைச் செய்கிறவர்களும் நன்றாக இருக்க வேண்டும் என்று முடிவெடுத்து, சரக்குத் தருகிற எல்லாருக்கும் ஒரு படிவம் அனுப்பினார்கள். குடிதண்ணீர் உண்டா, கழிப்பறை உண்டா, தீப்பிடித்தால் வெளியேற வழி உண்டா, வாரம் ஒரு நாள் விடுமுறை உண்டா. முப்பத்தோரு பேர் எல்லாக் கட்டத்திலும் அழகாக 'ஆம்' என்று எழுதி அனுப்பினார்கள். உறைக்காரர் மட்டும் கடைசிக் கட்டத்தில், 'சென்ற வருடம் ஒன்பது ஞாயிற்றுக்கிழமை வேலை நடந்தது' என்று எழுதி, ஒன்பது தேதிகளையும் கீழே குறித்திருந்தார்.

விதிப்படி இவரை நீக்க வேண்டியதுதான் என்றார் மேலாளர். வெள்ளிக்கிழமைக்குள் அறிக்கை எழுதித் தரச் சொன்னார்.

அவளுக்குக் கோபம் உறைக்காரர் மேல்தான் வந்தது. பதினான்கு வீட்டு அடுப்பில் இவரே தண்ணீரை ஊற்றிவிட்டாரே.

"ஏன் அண்ணே இப்படி எழுதினீங்க? மத்தவங்க எல்லாம் ஆமான்னுதானே எழுதியிருக்காங்க" என்று போனில் கேட்டாள்.

"தைக்கிறவங்களைச் சுத்தி நிக்க வச்சு வாசிச்சுக் காட்டிட்டுத்தான் மேடம் எழுதினேன். அவங்க பாத்துக்கிட்டு இருக்கும்போது பொய் எழுதக் கை வரலை." பிறகு அவரே கேட்டார். "ஒன்னு கேக்கலாமா? அந்த ஒன்பது தடவையும் அவசரம்னு சொன்னீங்களே, சரக்கு நேரத்துக்கு உதவுச்சா? ஆஸ்பத்திரித் தலையணைன்னு சொன்னதும் எங்க வீட்டம்மாகூட முட்டி வலியோட வந்து உக்காந்து பட்டன் தச்சா. யாரோ முடியாதவங்க தலை சாய்க்கப் போறாங்கன்னு."

"உதவுச்சு அண்ணே" என்று சொல்லிவிட்டு வைத்தாள். உதவியதா என்று அவள் ஒருநாளும் போய்ப் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

நேரே கிடங்குக்குப் போனாள். ஒவ்வொரு அடுக்கிலும் சரக்கு வந்த தேதியும் வெளியே போன தேதியும் எழுதிய அட்டை தொங்கும். அந்த ஒன்பது ஞாயிறுகளில் தைத்த சரக்கின் அட்டைகளைத் தேடி எடுத்தாள். முதல் அட்டையில் வந்தது பதினாறு, போனது இருபத்தேழு. அவள் ஒளித்து வைத்தது நான்கு நாள்தானே, மீதி ஏழு எங்கிருந்து வந்தது?

கிடங்குக்காரர் விரல் விட்டுச் சொன்னார். விற்பனைப் பிரிவு தன் பங்குக்கு மூன்று நாள் முன்னால் சொல்கிறது. திட்டம் போடுகிறவர் பயந்துகொண்டு நான்கு சேர்க்கிறார். அதற்கு மேல் இவளுடைய நான்கு. "தங்குற நாளுக்கு வாடகை வாங்கியிருந்தா நான் மாடி வீடு கட்டியிருப்பேன் தேதியம்மா."

ஒன்பது அட்டையையும் பார்த்தாள். ஒரு பெட்டிகூட ஒன்பது நாளுக்குள் வெளியே போகவில்லை. கடைசிப் பெட்டி இன்னும் பிரிக்கப்படாமலே அடுக்கில் இருந்தது. பிரித்தாள். மேலே உருப்படிகளை எண்ணி எழுதிய துண்டுச்சீட்டு. பின்பக்கம் திருப்பினால், மெழுகுப் பென்சிலில் ஒரு படம். மிஷினில் குனிந்திருக்கும் ஒரு அம்மா. பக்கத்தில் துணிக் குவியல் மேல் சுருண்டு தூங்கும் ஒரு குட்டி உருவம்.

"ஞாயித்துக்கிழமை தச்ச பெட்டில மட்டும்தான் படம் இருக்கும்" என்றார் கிடங்குக்காரர். "அன்னிக்குப் பிள்ளைங்களை வீட்டுல விட ஆளில்லாம கூட்டிட்டு வந்துடுவாங்களாம். வண்டிக்காரர் சொன்னாரு." தன் அலமாரிக் கதவைத் திறந்து காட்டினார். உள்பக்கம் மற்ற எட்டுப் படங்களையும் ஒட்டி வைத்திருந்தார். அவள் கையிலிருந்த படத்தை மட்டும் மடித்து எடுத்துக்கொண்டாள்.

அன்று மாலை கணவருக்குச் சாப்பாடு போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள். அடுத்த மாதம் பிரிவுத் தலைவி பதவி அவளுக்கென்று பேச்சு இருந்தது. உண்மையை எழுதினால் அது கிடைக்காது என்று கணவரிடம் சொன்னாள். அவர் தட்டில் கை கழுவாமல் யோசித்தார்.

"வண்டி ஓட்டும்போது நான் அடிக்கடி கண்ணாடியில பின்னாடி உக்காந்திருக்கிறவங்களைப் பாத்துக்குவேன். நீ இத்தனை வருஷமும் ரோட்டை மட்டுமே பாத்து ஓட்டிட்ட. பரவாயில்ல, இப்பப் பாத்துட்டல்ல."

வெள்ளிக்கிழமை அறிக்கையில் 'குறைக்குக் காரணம்' என்ற இடத்தில் அவள் எழுதினாள்: 'தேவையில்லாமல் முன்தள்ளிக் கொடுத்த தேதி. கொடுத்தது நான்.' ஒன்பது அட்டைகளின் நகலையும் அந்த ஒரு படத்தையும் இணைத்தாள். மேலாளர் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திட்டப் பிரிவில் அந்த நான்கு நாளை முதன்முதலில் சேர்த்தது தான்தான் என்று மெல்லச் சொன்னார்.

உறைக்காரர் நீக்கப்படவில்லை. இனி எல்லாருக்கும் ஒரே தேதி, அதுவும் உண்மையான தேதி. அவசரம் என்றால் முடியுமா என்று கேட்க வேண்டும். முடியாது என்றால் கம்பெனி காத்திருக்க வேண்டும். பதவி வேறொருவருக்குப் போனது. அவள் கழிப்பறைக்குள் போய் ஒரு பாட்டம் அழுது, முகம் கழுவிக்கொண்டு வந்து உறைக்காரருக்குப் போன் போட்டாள்.

"அன்னிக்கு உதவுச்சுன்னு சொன்னேன்ல அண்ணே. உதவலை. பதினோரு நாள் சும்மா கிடந்துச்சு."

 என்ன சொல்லித் திட்டினாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தாள்.

"இருமல் இப்ப எப்படி இருக்கு மேடம்?" என்றார் அவர்.

இரண்டு மாதம் கழித்து ஒரு பெரிய ஆர்டர் போனது. அவள் உண்மைத் தேதியைத்தான் கொடுத்திருந்தாள். ஆனாலும் மனசு கேட்கவில்லை. பழைய பயத்தில் உறைக்காரர் மிஷினை ஓட்டுகிறாரோ என்று, ஞாயிற்றுக்கிழமை கணவரின் ஸ்கூட்டரில் ஏறிக் கிளம்பிவிட்டாள். பட்டறைத் தெருமுனையில் வண்டியை நிறுத்தச் சொல்லிக் காது கொடுத்தாள். மிஷின் சத்தம் இல்லை. நடந்து போய்ப் பார்த்தாள். கதவில் பெரிய பூட்டு. அதற்கு மேலே மெழுகுப் பென்சிலில், வளைந்தும் நெளிந்தும், 'இன்று லீவு'.

அவள் கண் நிறைந்துவிட்டது.

"லீவு நாள்ல கடை பூட்டியிருக்குன்னு அழற ஒரே ஆளு நீதான்" என்றார் கணவர். "இவ்வளவு தூரம் வந்துட்டோம். போன் பண்ணிச் சொல்லு, அவரு ஓடி வருவாரு. முகத்தையாவது பாத்துட்டுப் போலாம்."

அவள் பூட்டை ஒருமுறை தொட்டுப் பார்த்தாள்.

"வேண்டாங்க. தூங்கிட்டு இருப்பாரு" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரில் ஏறி உட்கார்ந்தாள்.